பிலோடென்ட்ரானுக்கு வாரம் எத்தனை டம்ளர் தண்ணீர்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மணி பிளான்ட் இல்லை, பிலோடென்ட்ரான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களிலும் படங்களிலும் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடுவோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன், உங்கள் ஊர் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பத்து வருடமாக இருக்கும் கொடியை மணி பிளான்ட் என்றுதான் சொல்லி வருகிறோம். இலை இதய வடிவத்தில் இருக்கிறது. அது மணி பிளான்டா, பிலோடென்ட்ரானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – மதுரை வாசகி

பதில்: இலையின் வடிவத்தை விடுங்கள், இரண்டுக்குமே இதய வடிவம்தான். இலைக்காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். மணி பிளான்டின் காம்பில் மேல்பக்கம் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் ஓடும். பிலோடென்ட்ரான் கொடியின் காம்பு ஏறக்குறைய உருண்டையாக, வழவழவென்று இருக்கும். அடுத்து கணுவைப் பாருங்கள். மணி பிளான்டில் கணுவுக்கு ஒரு தடித்த வேர்முளை நீட்டிக்கொண்டிருக்கும், பிலோடென்ட்ரானில் மெல்லிசாக நாலைந்து சேர்ந்து வரும். இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் அடுத்த தளிர் வரும்வரை பொறுத்திருங்கள். பிலோடென்ட்ரானின் தளிர் ஒரு மெல்லிய உறைக்குள் சுருண்டு வரும், விரிந்த பிறகு அந்த உறை காய்ந்து உதிரும். மணி பிளான்டில் அந்த உறையே கிடையாது, பழைய இலைக்காம்பின் மடிப்பிலிருந்து நேரே விரியும்.

இரண்டும் சேம்புக் குடும்பத்துச் செடிகள், அதனால்தான் இந்தச் சாயல். ஆனால் ஊர் வேறு. மணி பிளான்டின் சொந்த ஊர் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மோரேயா என்ற தீவு. பிலோடென்ட்ரான்கள் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகளின் மழைக்காட்டுச் செடிகள். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு 'மரத்தை நேசிப்பது' என்று அர்த்தம். பெயர் வைத்தவர் ரொம்ப யோசித்துக் கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், காட்டில் பார்த்தால் பெரும்பாலானவை ஏதாவது ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நிற்கும். கீழே வரப்போகிற பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: வாரத்துக்கு இரண்டு முறை ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லி நர்சரியில் சொன்னார்கள். தவறாமல் ஊற்றுகிறேன். ஆனாலும் அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுகின்றன, கொடியும் துவண்டு கிடக்கிறது. தண்ணீர் போதவில்லையா? – சென்னை வேளச்சேரி வாசகர்

பதில்: பெரும்பாலும் நேர் எதிர். நீங்கள் அனுப்பிய படத்தில் தொட்டி மண் கறுத்து, ஓரத்தில் பச்சைப்பாசி கட்டியிருக்கிறது. அது தாகத்தில் துவளும் செடி இல்லை.

நானும் என் முதல் பிலோடென்ட்ரானை இப்படித்தான் கொன்றேன். ஒரு கண்காட்சியில் வெள்ளைப் பீங்கான் தொட்டி ஒன்று வாங்கி வந்தேன், பார்க்க அவ்வளவு அழகு, அடியில் ஓட்டை கிடையாது. 'கொஞ்சமாக ஊற்றிக்கொண்டால் போகிறது' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதிலேயே செடியை வைத்தேன். ரெண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இலை துவண்டது, ஊற்றினேன். இன்னும் துவண்டது, இன்னும் ஊற்றினேன். கடைசியில் கவிழ்த்துப் பார்த்தபோது சாக்கடை நாற்றம். ஒரு வேரைப் பிடித்து லேசாக இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று விழுந்து, உள்ளே இருந்த நூல் மட்டும் கையோடு வந்தது.

நடப்பது இதுதான். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு காற்றும் முக்கியம். மண்ணின் இடுக்கெல்லாம் எப்போதும் தண்ணீரே நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும், செத்த வேரில் பூஞ்சை ஏறும். வேர் போனால் தண்ணீரை உறிஞ்ச ஆள் இல்லை, அதனால் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே இலை தாகத்தில் துவளும். நாமும் பாவம் வாடுகிறதே என்று மேலும் ஒரு சொம்பு ஊற்றுவோம். காட்டில் இந்தச் செடியின் வேர்களில் பாதி மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றிலேயே இருக்கிறது. மழை கொட்டும், நனையும், வழிந்து ஓடிவிடும், கொஞ்ச நேரத்தில் காற்றில் உலரும். அந்தப் பழக்கம் உள்ள செடியைச் சேற்றில் நிற்கவைத்தால் தாங்காது.

அதனால் கிழமைக் கணக்கை மறந்துவிடுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். விரலில் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் வேண்டாம். காய்ந்து உதிர்ந்தால் ஊற்றுங்கள், ஊற்றும்போது டம்ளர் கணக்குப் பார்க்காமல் அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வரும்வரை தாராளமாக ஊற்றுங்கள், கால்மணி நேரம் கழித்து அடித்தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். கத்திரி வெயில் காலத்தில் இது மூன்று நாளுக்கு ஒருமுறை வரலாம், ஐப்பசி அடைமழையில் பன்னிரண்டு நாள் ஆனாலும் ஆகலாம். கொஞ்ச நாள் பழகினால் தொட்டியைத் தூக்கிப் பார்த்தே தெரிந்துவிடும், கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்துச் சொல்கிறோமே அந்த மாதிரி.

இப்போது உங்கள் செடிக்கு: தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணை உதறி, குழகுழவென்று இருக்கும் வேரையெல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். வெளுப்பாக, கெட்டியாக இருக்கும் வேர் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் புதுக் கலவையில், முன்பைவிடச் சின்னத் தொட்டியில் நடுங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் மேலே நன்றாக இருக்கும் தண்டை வெட்டித் தண்ணீரில் வையுங்கள், அதிலிருந்து புதிதாக ஆரம்பிக்கலாம்.

கேள்வி: புதுக் கலவை என்றால் என்ன கலவை? நர்சரியில் செம்மண்ணும் தொழு உரமும் கலந்து தருகிறார்கள், அது போதாதா? – திருச்சி வாசகி

பதில்: செம்பருத்திக்கும் மல்லிகைக்கும் போதும். இதற்குக் கனம் அதிகம். நாலைந்து முறை தண்ணீர் ஊற்றியதும் இறுகி, தட்டினால் செங்கல் மாதிரி சத்தம் வரும்.

நான் போடுவது இது. கழுவிய கோகோபீட் (தென்னை நார்த்தூள்) இரண்டு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டுகள் (விரல் நகம் அளவுக்கு நறுக்கியவை) இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) ஒரு பங்கு, கடைசியாக ஒரு கைப்பிடி உடைத்த அடுப்புக்கரி. பெர்லைட் கிடைக்கவில்லை, விலை கட்டவில்லை என்றால் சல்லடையில் சலித்து மேலே தங்குகிற பருமணல் போடலாம், தொட்டிதான் கொஞ்சம் கனக்கும். பிடித்து அமுக்கினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும், அதுதான் பதம்.

கோகோபீட்டைக் கழுவுவது எதற்கு என்று கேட்பீர்கள். தென்னை நாரில் இயல்பாகவே உப்பு இருக்கும். கட்டியை வாளியில் ஊறப்போட்டால் முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும், அதைக் கொட்டி இரண்டு மூன்று முறை அலசி, கை கொள்ளும் அளவு எடுத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள். 'கழுவிய பீட்' என்று கவரில் அச்சடித்திருந்தாலும் நான் ஒருமுறை அலசிவிடுவேன்.

தொட்டி மண் தொட்டியா பிளாஸ்டிக்கா என்பது உங்கள் கையைப் பொறுத்தது. கை சும்மா இருக்காது, போகும்போதும் வரும்போதும் தண்ணீர் ஊற்றுவேன் என்பவர்கள் மண் தொட்டியே வாங்குங்கள், அதன் சுவர் வழியாகவும் ஈரம் போகும்.

கேள்வி: ஒவ்வொரு புது இலை வந்த பிறகும் அதன் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் ஒன்று வாடிக் கறுத்துத் தொங்குகிறது. நோயா? – சேலம் வாசகி

பதில்: இல்லை. முதல் பதிலில் சொன்னேனே, தளிரைச் சுற்றி வரும் உறை, அதுதான். வேலை முடிந்தது, காய்கிறது. தானாக உதிரும் முன்னால் பிய்த்தால் பக்கத்துத் தளிர் கிழியும். அதனால் காத்திருங்கள். ஈரமான நாட்களில் மட்டும் அது அழுகி ஒட்டிக்கொண்டிருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிவப்புத் தண்டு பிலோடென்ட்ரான் வாங்கினேன். இலைக்காம்பிலும் தளிரிலும் பிசுபிசுவென்று சொட்டுச் சொட்டாகத் தேன் மாதிரி நிற்கிறது, எறும்பும் வருகிறது. மருந்து அடிக்கட்டுமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: முதலில் ஒரு லென்ஸ் அல்லது போன் கேமராவைப் பெரிதாக்கிக் கணுக்களையும் இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, பழுப்பு நிறத்தில் சின்ன ஓடு மாதிரி ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. இவை சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிக்கும், அதற்குத்தான் எறும்பு வரும்.

ஒன்றுமே இல்லை, தளிரிலும் காம்பிலும் தெளிவான சொட்டுகள் மட்டும்தான் என்றால் அது செடியே சுரப்பது. பிலோடென்ட்ரான்களில் பலவற்றுக்கு இலை, காம்பு, உறை இவற்றில் தேன் சுரப்பிகள் உண்டு. காட்டில் அந்தத் தேனுக்கு வரும் எறும்புகள் தளிரைத் தின்னும் பூச்சிகளை விரட்டும், அதாவது சம்பளம் கொடுத்து வாட்ச்மேன் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டு ஹாலில் அந்த வாட்ச்மேன் தேவையில்லை என்பதால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், போதும். விடியற்காலையில் இலை நுனியில் மட்டும் தண்ணீர்ச் சொட்டு நின்றால் அது வேறு, மண்ணில் ஈரம் அதிகமாக இருந்த இரவில் செடி மிச்சத் தண்ணீரை வெளியே தள்ளியிருக்கிறது.

மாவுப்பூச்சிதான் என்று உறுதியானால்: முதலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய சில துளி சோப்புத் திரவம், நன்றாகக் குலுக்கி சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கமும் கணு இடுக்கும் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். ஒரே தடவை அடித்துவிட்டு 'கேட்கவில்லை' என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். முட்டையிலிருந்து அடுத்த வாரம் வருகிற குஞ்சுக்கு யார் அடிப்பது?

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது, ஒன்றரை வயதுக் குழந்தையும் இருக்கிறது. இது விஷச் செடி என்று கேள்விப்பட்டேன், தூக்கிப் போட்டுவிடட்டுமா? – கோவை வாசகி

பதில்: கருணைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்குமே, தெரியும்தானே? சரியாக வேகாவிட்டால் தொண்டையைக் கறகறவென்று பிடிக்கும். கருணை, சேப்பங்கிழங்கு, பிலோடென்ட்ரான் எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றிலும் இருப்பது ஒரே சரக்கு: கால்சியம் ஆக்சலேட், ஊசி ஊசியான படிகங்கள். கடித்தால் அந்த ஊசிகள் நாக்கிலும் உதட்டிலும் குத்தும். எரிச்சல், வீக்கம், எச்சில் வழிதல். ஒரு கடியிலேயே வலி பிடித்துவிடுவதால் நிறையத் தின்பது அபூர்வம்தான், அதற்காக அலட்சியமாக இருக்கச் சொல்லவில்லை. கருணைக்கிழங்கைப் புளி போட்டு வேகவைத்துச் சரிசெய்ய நமக்குத் தெரியும், பச்சையாகக் கடிக்கும் குழந்தைக்கு அந்த வசதி இல்லை.

தூக்கிப் போட வேண்டாம், தூக்கி மாட்டுங்கள். கை எட்டாத, பூனை தாவ முடியாத உயரத்தில் தொங்கும் தொட்டியாக வையுங்கள், கொடி நீண்டு கீழே வரும்போது வெட்டிவிடுங்கள். உங்கள் பூனை எதையும் விட்டுவைக்காத ரகம் என்றால் அது வளரும்வரை செடியை யாரிடமாவது கொடுத்து வைப்பது நல்லது. குழந்தை கடித்துவிட்டால் வாயில் இருப்பதை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொடுங்கள். வாய் வீங்கினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைக்குக் கால்நடை மருத்துவர். வெட்டும்போது வடிகிற சாறு சிலருக்குத் தோலிலும் அரிக்கும், வெட்டிய கையோடு கண்ணைக் கசக்காதீர்கள். எனக்கு ஒருமுறை ஆயிற்று, அரைமணி நேரம் குழாயடியில் நின்றேன்.

கேள்வி: இது வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசாவே சொல்லியிருக்கிறதாமே? – தூத்துக்குடி வாசகர்

பதில்: நாசாவுக்காக வோல்வர்ட்டன் என்ற விஞ்ஞானியின் குழு செய்த ஆய்வு 1989-ல் வந்தது, உண்மைதான். ஆனால் அது செடியைச் சின்ன மூடிய பெட்டிக்குள் வைத்துச் செய்த சோதனை. உங்கள் வீட்டில் கதவு திறக்கிறது, ஜன்னல் திறக்கிறது. இந்த மாதிரிப் பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்து 2019-ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமென்றால் தரையில் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, சில நிலைமைகளில் 1,000 வரை வேண்டியிருக்கும் என்று வந்தது. பத்துக்குப் பத்து அறைக்குக் குறைந்தபட்சக் கணக்கே 90 தொட்டியைத் தாண்டுகிறது. கட்டிலை வெளியே போட வேண்டியதுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், செடியை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கும்போது உள்ளங்கை அளவு இருந்த இலை இப்போது ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தண்டு மட்டும் ஒல்லியாக நீண்டுகொண்டே போகிறது. உரம் குறைவா? – ஈரோடு வாசகர்

பதில்: வெளிச்சம் குறைவு. நிழல் செடி என்று யாரோ சொன்னதைக் கேட்டு நடு ஹாலில் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள், படத்திலேயே தெரிகிறது. நிழல் என்றால் மரத்தடி நிழல், இலை இடுக்கில் வெளிச்சம் சிதறி விழுகிற நிழல். நம் வீட்டு நடு ஹால் அதோடு ஒப்பிட்டால் குகை. கண்ணுக்கு அது தெரியாது, கண் இருட்டுக்குப் பழகிவிடும். ஒரு சின்னச் சோதனை: பகல் 11 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடியுங்கள். நிழல் லேசாகவாவது உருவத்தோடு விழ வேண்டும். விழவில்லையா, செடிக்கு அது பட்டினி.

கிழக்கு ஜன்னல் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மேற்கு, தெற்கு ஜன்னல் என்றால் மெல்லிய திரைக்குப் பின்னால் இரண்டு மூன்று அடி தள்ளி. நேர் வெயில், அதிலும் சித்திரை வைகாசி மத்தியான வெயில், ஒரே நாளில் இலையில் வெளுத்த திட்டுகளைப் போட்டுவிடும், அந்தத் தழும்பு போகாது.

இரண்டாவது விஷயம், ஏறுவதற்கு ஏதாவது கொடுங்கள். ஏறும் வகைகளுக்கு ஒரு குணம்: கீழே தொங்கவிட்டால் இலை சின்னதாகிக்கொண்டே போகும், மேலே பிடித்து ஏறினால் ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடப் பெரிதாக வரும். கடையில் 'மாஸ் ஸ்டிக்' என்று விற்பதில் பெரும்பாலும் பாசியே கிடையாது, பிவிசி பைப்பின் மேல் தென்னை நார் சுற்றியதுதான். அதுவும் வேலை செய்யும், ஆனால் காய்ந்த நாரில் வேர் பிடிக்காது. செடிக்கு ஊற்றும்போதெல்லாம் குச்சியின் தலையிலிருந்து கொஞ்சம் ஊற்றி நாரை நனையுங்கள். கணுவை நாரோடு ஒட்டி பழைய துணிக் கிழிசலால் லேசாகக் கட்டுங்கள், இலையைக் கட்டாதீர்கள், வேர் இருப்பது கணுவில். இப்போது நீண்டு கிடக்கும் ஒல்லித் தண்டு இனிமேல் பருக்காது. வெட்டி, அதே தொட்டியில் சுற்றி நட்டுவிடுங்கள், அடர்த்தியாகும்.

உரம் கேட்டதால் சொல்கிறேன்: புது இலை வந்துகொண்டிருக்கும் மாதங்களில் தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி: அரிசி கழுவின தண்ணீர், டீத்தூள், இலை பளபளக்கத் தேங்காய் எண்ணெய் – எல்லாம் போடுகிறேன். சரிதானே? – திண்டுக்கல் வாசகி

பதில்: மாமியார் வீட்டு விருந்து மாதிரி இருக்கிறது. தொட்டி மண்ணில் இந்த அரிசித் தண்ணீரும் டீத்தூளும் புளித்தால் முதலில் வருவது குட்டிக் கறுப்பு ஈ. மண் மேலே பறந்துகொண்டே இருக்குமே, அதன் புழு ஈரக் கோகோபீட்டில்தான் வளரும். மேல்மண்ணை நன்றாகக் காயவிடுங்கள், அடங்கும். எண்ணெய் தூசியைப் பிடித்து இலையின் மேல் படலம் கட்டும். ஈரத்துணி போதும், ஒரு கையால் இலையைத் தாங்கிக்கொண்டு துடையுங்கள்.

கேள்வி: இலை நுனியெல்லாம் பழுப்பாகக் காய்கிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே, அதை ஊற்றலாமா? – சென்னை பெருங்குடி வாசகி

பதில்: கூடவே கூடாது. ஆர்ஓ வெளியே தள்ளும் தண்ணீரில் தான் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்து இருக்கிறது, போர் தண்ணீரைவிட மோசம். வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருப்பது அந்த உப்புதான், நுனி கருகுவதும் அதனால்தான். மழைக்காலத்தில் வாளி வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் இந்தச் செடிக்கு அமிர்தம். அது இல்லாத மாதங்களில் போர் தண்ணீரும் குடிக்கும் தண்ணீரும் பாதிப் பாதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செடியை குளியலறைக்குத் தூக்கிப்போய், நல்ல தண்ணீரைத் தொட்டி வழிய நாலைந்து முறை ஊற்றி வடியவிட்டால் தேங்கிய உப்பு கரைந்து போகும். கருகிய நுனி பச்சையாகாது, புது இலையைப் பார்த்துத்தான் குணமானதா என்று தெரிந்துகொள்ள முடியும்.

கேள்வி: கனடாவில் இருக்கிறேன். கோடையில் ஜன்னலோரம் செழிப்பாக இருந்த செடி, டிசம்பரில் அதே இடத்தில் இலை கறுத்துப்போகிறது. – ஸ்கார்பரோ வாசகி

பதில்: அதே இடம் அதே இடமாக இல்லை. ஒரு பக்கம் பனிக் கண்ணாடி, கீழே ஹீட்டர் காற்று. இலை கண்ணாடியைத் தொடாமல் ஒரு அடி உள்ளே தள்ளுங்கள், ஹீட்டர் வாய் நேரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 15 டிகிரிக்குக் கீழே போனால் இது வளர்வதை நிறுத்திவிடும், தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், உரம் வேண்டாம். ஹீட்டரால் காற்று காய்கிறதே என்று இலை மேல் தண்ணீர் தெளித்தாலும் ஈரப்பதம் ஏறாது, பத்து நிமிஷத்தில் உலர்ந்துவிடும். நாலைந்து செடிகளைச் சேர்த்து வைப்பது அதைவிட உருப்படியான வேலை.

கேள்வி: இளஞ்சிவப்பு இலை பிலோடென்ட்ரான் ஆன்லைனில் வாங்கினேன், பெரிய விலை. இப்போது வரும் இலையெல்லாம் பச்சை. ஏமாற்றிவிட்டார்களா? – புதுச்சேரி வாசகர்

பதில்: வாங்கியபோது எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து. கரும்பச்சை இலையில் இளஞ்சிவப்பு ஒழுங்கில்லாமல் தெளித்தமாதிரி இருந்தால் அது 'பிங்க் பிரின்சஸ்', அசல். அதிலும் நிறம் நிலையில்லாதது. கடைசியாக நல்ல நிறம் வந்த இலை எதுவோ, அதன் கணுவுக்கு மேலே வெட்டிவிட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள், அடுத்த முளையில் திரும்பலாம். முழு இலையுமே இளஞ்சிவப்பாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். பச்சையம் இல்லாத இலை சமைக்காமல் சாப்பிட மட்டும் தெரிந்த பிள்ளை மாதிரி, சீக்கிரம் கருகும்.

மேலே நாலு இலை மட்டும் ஒரே சீராக மிட்டாய் நிறத்தில், கீழே எல்லாம் சுத்தப் பச்சையாக இருந்திருந்தால் அது 'பிங்க் காங்கோ' என்று விற்றது. பச்சைச் செடிக்கு ரசாயனம் கொடுத்துத் தற்காலிகமாக நிறம் மாற்றியது. மருந்து தீர்ந்ததும் சில மாதங்களில் பச்சைக்குத் திரும்பும், வெட்டினாலும் நிறம் வராது. செடி நல்ல செடிதான், வளர்க்கலாம். கொடுத்த விலையை மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஒரு அழகான இலையைக் காம்போடு வெட்டித் தண்ணீரில் வைத்தேன். ஆறு மாதமாக இலை பச்சையாக இருக்கிறது, செடிதான் வரவில்லை. – தஞ்சாவூர் வாசகி

பதில்: வராது. கணு இல்லை. இலையும் வேரும் புறப்படுகிற முடிச்சு தண்டில்தான் இருக்கிறது, காம்பில் இல்லை. கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டுத் தண்டை வெட்டி, கணு மட்டும் தண்ணீரில் மூழ்க, இலை வெளியே இருக்க வையுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். வேர் சுண்டுவிரல் நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள், ரொம்ப நாள் தண்ணீரிலேயே விட்டால் மண்ணுக்குப் போனதும் முரண்டு பிடிக்கும்.

கேள்வி: எஸ்டேட் பங்களா வாசலில் பெரிய பிளவுபட்ட இலைகளோடு பழைய 'செல்லோம்' பிலோடென்ட்ரான் இருக்கிறது. போன வாரம் முதல்முறையாகப் பூ விட்டது. ராத்திரி தொட்டுப் பார்த்தேன், சுட்டது! எனக்குத்தான் பிரமையா? – கூடலூர் வாசகர்

பதில்: பிரமை இல்லை, கொடுத்து வைத்தவர் நீங்கள். இத்தனை வருடத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை, புகைப்படம்கூட அனுப்பாமல் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

வெளிர்ந்த பாளை மாதிரி விரிகிறதே, அதற்குள் நிற்கும் தண்டுதான் சூடாகும். 1972-ல் இதை அளந்து ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள்: வெளியே 4 டிகிரி குளிர் இருந்தாலும் சரி, 39 டிகிரி வெயில் இருந்தாலும் சரி, பூந்தண்டின் உள்சூடு 38-லிருந்து 46 டிகிரிக்குள் நிற்கிறது. அதாவது நம் உடம்புச் சூடு, அதற்கு மேல் கொஞ்சம் காய்ச்சல். தண்டின் நடுவில் இருக்கும் மலட்டு ஆண் பூக்கள் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்து இந்தச் சூட்டை உண்டாக்குகின்றன. எதற்கு என்றால், சூட்டில் வாசனை தூரம் போகும், பிரேசில் காட்டில் அந்த வாசனைக்கு ஒரு வண்டு வரும், இரவெல்லாம் உள்ளேயே கதகதப்பாகத் தங்கி மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். கூடலூரில் அந்த வண்டு இல்லை, அதனால் காய்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று, 2018-ல் தாவரவியலாளர்கள் இந்தச் செல்லோமையும் ஸனாடு என்ற செடியையும் அவற்றின் உறவுகளையும் பிலோடென்ட்ரானிலிருந்து பிரித்து 'தௌமட்டோஃபில்லம்' என்று தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். நர்சரியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அடுத்த முறை பூத்தால் தர்மாமீட்டரோடு போங்கள். எனக்கும் ஒரு போன் போடுங்கள்.

கேள்வி: பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் சொல்லி ஊற்றச் சொல்லலாமா? – பெங்களூர் வாசகி

பதில்: வேண்டாம், அவர்கள் அக்கறையாக தினமும் ஊற்றிவிடுவார்கள். கிளம்பும் முன்னால் வழிய ஊற்றி வடியவிட்டு, ஜன்னலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போங்கள். தை மாதக் குளிரில் பத்து நாளெல்லாம் தாங்கும்.

கேள்வி: மணி பிளான்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்பார்களே, பிலோடென்ட்ரானுக்கும் அப்படியா? – விருதுநகர் வாசகர்

பதில்: கேட்டே வாங்குங்கள். கேட்டால் கணுவோடு வெட்டித் தருவார்கள். திருடுகிற அவசரத்தில் நீங்கள் இலையை மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடிவருவீர்கள், அப்புறம் ஆறு மாதம் கழித்து எனக்குத்தான் கடிதம் வரும்.